குனிந்தால் ஓடாத நாய்

ஆலன், டெக்சாஸ்
ஆகஸ்ட் 18, 2024

தம்பி ரஞ்சித்குமாருக்கு,

அக்கா கலாவதி எழுதுவது. இந்தக் காலத்தில் தபால்தலை ஒட்டிக் கடிதம் எழுதுகிறாளே, கிறுக்கா என்று நினைக்காதே. கேஸ் சம்பந்தமாகப் போனில் ஒரு வார்த்தையும் இருக்கக் கூடாது என்று வக்கீல் சொல்லிவிட்டார். உன் நம்பரும் இப்போது என் போனில் பிளாக் ஆகியிருக்கிறது.

கொலராடோ போய்வந்து இரண்டு வாரம் ஆகிறது. உன் மச்சானும் நீயும் ஓவியாவும் பழைய வெள்ளிச் சுரங்கப் பாதையில் ஏறப் போனீர்கள். பாத்ரூமில் வழுக்கி விழுந்த முழங்காலோடு நான் லாட்ஜில் கிடந்தேன். காலையில் துள்ளிக்கொண்டு போன பிள்ளை மாலையில் கையில் கட்டோடு வந்தாள். மலை மேல் புல்வெளியில் ஆடு மேய்க்கிறவனின் காவல் நாய் பாய்ந்து, அவளைப் பாறையில் தள்ளி, முன்கை எலும்பு முறிந்துவிட்டது. பெற்ற தகப்பன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பானா? கிடைத்த கம்பியால் அந்த ஆட்டுக்காரனை அடித்துவிட்டார். அவன் தாடை உடைந்தது. அதற்காக உன் மச்சானைக் கைது செய்து, இப்போது ஜாமீனில் விட்டிருக்கிறார்கள்.

போலீஸ் கேட்டபோது, "நான் சரியா பாக்கல" என்று நீ சொன்னாயாம். அது போதாது. ஆட்டுக்காரன் வேண்டுமென்றே நாயை ஏவிவிட்டான், முதலில் கை ஓங்கியதும் அவன்தான் என்று நீ எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால் கேஸ் நிற்காது என்கிறார் வக்கீல். செப்டம்பர் 26 விசாரணை. அன்று நீ கொலராடோ கோர்ட்டுக்கு வரவும் வேண்டும்.

பன்னிரண்டு வருடமாக கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறோம். அவர் குற்றவாளி என்று ஆகிவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். என் டேகேர் வேலையும் அவர் விசாவில்தான் தொங்குகிறது. ஓவியா இங்கே பிறந்தவள், பதினான்கு வயசுப் பிள்ளை. அவளை எங்கே கொண்டுபோய் நடுவது?

நீ எம்.எஸ். படிக்க வந்தபோது இர்விங் அபார்ட்மென்டில் ஒரு வருடம் உன்னை வைத்துச் சோறு போட்டவர் அவர். அதை மறக்காதே. அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். எழுதியதை நேராக வக்கீலுக்கே அனுப்பு.

அக்கா
கலாவதி


சான் ஹோசே
ஆகஸ்ட் 25, 2024

அக்கா,

இதை உங்கள் வீட்டுக்கு அனுப்பவில்லை. எதிர்வீட்டு விசாலாக்ஷி ஆன்ட்டியிடம் பேசினேன். "என் அட்ரஸுக்குப் போடுப்பா, கலா மத்தியானம் வந்து படிச்சுட்டுப் போகட்டும்" என்றார்கள். வேறு எதுவும் கேட்கவில்லை. அவர்கள் கேட்காததுதான் எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

உன் கடிதத்தை நீ எழுதவில்லை. எழுத்து உன்னுடையது, வார்த்தை மச்சானுடையது. பிறந்த நாளிலிருந்து நீ என்னை "அடேய் குண்டா" என்றுதான் கூப்பிட்டிருக்கிறாய். தம்பி ரஞ்சித்குமார் யார்? கல்யாணப் பத்திரிகையில்கூட அப்படி எழுத மாட்டாய். அவர் உன் தோளுக்குப் பின்னால் நின்று சொல்லச் சொல்ல நீ எழுதினாய் என்று அடித்துச் சொல்வேன்.

எனக்குத் தெரிந்ததை நான் சொல்லிவிடுகிறேன். எங்கே ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.

பாதை ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு போர்டு இருந்தது. ஓவியா சத்தமாக வாசித்தாள். மேலே ஆடுகள் மேய்கின்றன, காவல் நாய்கள் இருக்கின்றன. ஓடாதே, கத்தாதே, கல் எறியாதே, மந்தையைச் சுற்றிப் போ. மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். "நாயக் கண்டா கல்லக் காணோம், கல்லக் கண்டா நாயக் காணோம்பாங்க. இங்க ரெண்டும் கூட்டங்கூட்டமா இருக்குது மாப்ள!" நானும் சிரித்தேன்.

அந்தக் காலத்தில் கோவேறு கழுதைகள் மேல் தாதுவை ஏற்றி இறக்கிய பாதை அது. இரண்டு மணி நேரம் ஏறியதும் மரங்கள் நின்றுவிட்டன. அதற்கு மேல் வெறும் பச்சைப் புல். புல்லுக்கு நடுவே இடிந்த பலகைக் கொட்டகை, மண்ணில் பாதி புதைந்த இரும்புக் கயிறு, சுரங்க வாயிலிருந்து வழியும் ஆரஞ்சு நிறத் தண்ணீர். அங்கே பாறையைத் துளைக்கச் சுரங்க ஆட்கள் வைத்திருந்த கம்பி ஒன்று கிடந்தது. மூன்றடி நீளம், விரல் மூன்று சேர்த்த தடிமன். மச்சான் அதை எடுத்து ஊன்றிக்கொண்டார். "அப்பா, தட்ஸ் நாட் அலவ்ட். புட் இட் பேக்" என்றாள் ஓவியா. "செத்துப்போனவன் கம்பிதான, எவன் கேக்கப் போறான்" என்றார்.

அடுத்த மேட்டில் மந்தை. மலைச்சரிவு முழுக்க ஆடு. சுற்றிப் போகலாம் என்றேன். அவருக்கு மூச்சு வாங்கியது, எரிச்சலாக இருந்தார். நேராக உள்ளே நடந்தார். ஒரு வெள்ளை நாய் எழுந்து நின்று குரைத்தது. கன்றுக்குட்டி உயரம். குரைத்ததே தவிரக் கிட்டே வரவில்லை.

அப்போது அவர் குனிந்தார், அக்கா. நம் ஆட்கள் எல்லோரும் செய்வதுதான். கல் எடுக்கிற மாதிரி சும்மா குனிந்தாலே தாராபுரத்தில் எந்த நாயும் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிடும். எனக்கும் அது தப்பாகவே தெரியவில்லை. ஓவியாதான் "டோன்ட்!" என்று கத்தினாள். அந்த நாய்க்கு அந்தப் பழக்கம் இல்லை. குனிந்தவனைப் பார்த்தால் பாயத்தான் அதற்குத் தெரியும். அவர் கெண்டைக்காலைக் கவ்வி இழுத்துப் போட்டது.

ஆட்டுக்காரன் மேலிருந்து ஓடி வந்தான். ஒரே ஒரு விசில். நாய் விட்டுவிட்டு அவன் காலடியில் போய் உட்கார்ந்துவிட்டது. அவன் நாயை ஏவவில்லை, விலக்கினான். அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. மச்சான் எழுந்து, உட்கார்ந்திருந்த நாயை அந்தக் கம்பியால் அடித்தார். அது மல்லாக்கக் கிடந்து ஊளையிட்டது. மறுபடி ஓங்கினார். ஆட்டுக்காரன் குறுக்கே வந்தான். அப்புறம் அடி எல்லாம் அவனுக்கு.

அவன் பெயர் எலியாஸ். பெரு தேசத்துக்காரன். நம்மைப் போல விசாவில் வந்து கிடக்கிறவன். நான் பொய் எழுதினால் அவனை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். பிள்ளையைத் தாக்கிய நாய் என்று அந்த நாயையும் ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்கள். இப்போதே அது கூண்டில் இருக்கிறது.

அந்த நாய் ஓவியாவைத் தொடவே இல்லை.

உன்
குண்டன்


ஆலன்
ஆகஸ்ட் 31, 2024

அடேய் குண்டா,

ஆமாம், பின்னால் நின்றுதான் சொன்னார். எழுதி முடிக்கும்வரை கையை என் கழுத்தில் வைத்திருந்தார். சந்தோஷமா? கண்டுபிடித்துவிட்டாய். மெடல் குத்திவிடட்டுமா?

நியாயம் பேசுகிறவன் வாயில் மண்ணை அள்ளிப் போட வேண்டும் போல ஆத்திரம் வருகிறது. உனக்கென்ன, ஒண்டிக்கட்டை. உன் விசா உன்னுடையது. அவர் விழுந்தால் நானும் சேர்ந்துதான் விழுவேன். வீட்டில் தினம் என்ன நடக்கிறது என்று தெரியுமா உனக்கு? நாய் கடித்த காலை இழுத்துக்கொண்டு சமையலறைக்கு வருகிறார். ரசம் ஆறிப்போயிருந்ததாம், நேற்று பாத்திரத்தோடு சுவரில் அடித்தார். "உன்ற தம்பி எழுதிக் குடுக்கலைன்னா கால ஒடிச்சு அடுப்புல வெச்சிருவேன்" என்கிறார். உன் காலையா என் காலையா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

பெருநாட்டுக்காரனுக்காக உருகுகிறாய். நாய்க்காக உருகுகிறாய். உருகு. எனக்காக உன் ஒரு மயிர் உருகியதா?

அது கிடக்கட்டும். நாய் தொடவில்லை என்று எழுதிவிட்டு அடுத்த வரி எழுதாமல் கையெழுத்துப் போட்டிருக்கிறாயே, வெட்கமாக இல்லை? நாய் தொடவில்லை என்றால் என் பிள்ளையின் கையை உடைத்தது யார்? அவளைக் கேட்டால் "ஐ டோன்ட் ரிமெம்பர், மா" என்கிறாள். கேட்கும்போதெல்லாம் எழுந்து போய்விடுகிறாள். ராத்திரி கதவைப் பூட்டிக்கொண்டு தூங்குகிறாள்.

ஒரு தடவையாவது, உன் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவையாவது, பார்த்ததைப் பார்த்தபடி சொல்.

கலாவதி


சான் ஹோசே
செப்டம்பர் 7, 2024

அக்கா,

நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதைக் கிழிக்காமல், திங்கட்கிழமையே உன் கைக்குக் கிடைக்கிற மாதிரி எக்ஸ்பிரஸ் தபாலில் அனுப்பப் பார்க்கிறேன்.

முதல் அடி எலியாஸின் தோளில் விழுந்தது. அவன் திருப்பி அடிக்கவில்லை. இரண்டு கையையும் விரித்துக் காட்டி ஸ்பானிஷில் ஏதோ சொன்னான், கெஞ்சுகிற மாதிரி. இரண்டாவது அடி முகத்தில். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. காய்ந்த மட்டையை முறிக்கிற சத்தம். அவன் முழங்காலில் விழுந்தான். வாயிலிருந்து ரத்தம் நூலாகப் புல்லில் இறங்கியது. மச்சானின் முகத்தில் கோபம் இல்லை அக்கா, அதுதான் என்னை உறைய வைத்தது. தேங்காய் உடைக்கிறவர் மாதிரி நிதானமாகக் கால்களை அகட்டி நின்றுகொண்டு அடுத்த அடிக்கு இடம் பார்த்தார். இது புதுக் கை இல்லை, பழகின கை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நான் பத்தடி தள்ளி நின்றேன். ஓடிப் போய்ப் பிடித்திருக்கலாம். அவரைவிட நான் இளையவன், கனத்தவன். என் கால் நகரவில்லை.

ஓவியாவின் கால் நகர்ந்தது. அவள் ஓடி எலியாஸின் மேல் விழுந்து மூடிக்கொண்டு, "ஸ்டாப், அப்பா, ஸ்டாப்" என்று கையைத் தலைக்கு மேல் தூக்கினாள். அவர் நிறுத்தவில்லை. நிறுத்த நேரம் இருந்தது. அவள்தான் என்று தெரிகிற நேரம் இருந்தது. கம்பி அவள் முன்கையில் இறங்கியது.

அப்புறம்தான் கம்பியைப் போட்டார். பிள்ளையைத் தூக்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் முதல் வார்த்தை. "நாய் தள்ளி உட்ருச்சு. எவன் கேட்டாலும் நாய் தள்ளி உட்ருச்சுன்னுதான் சொல்லோணும். தெரியுதா?" பிறகு அவளைப் பார்த்து அதையே சொன்னார். அவள் தலையாட்டினாள். நானும் ஆட்டினேன்.

அவள் கைக்குக் கட்டுப் போட்டது யார் தெரியுமா? எலியாஸ். வாயை மூட முடியாமல், எச்சிலும் ரத்தமும் கழுத்தில் வழிய, இடிந்த சுரங்கக் கொட்டகையிலிருந்து இரண்டு பலகைத் துண்டை எடுத்து வந்து, தன் கழுத்துத் துண்டை அவிழ்த்துச் சுற்றிக் கட்டினான். ஆட்டுக்குட்டிக்குக் கட்டுகிற மாதிரி. ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு நல்ல கட்டு என்றார். நாய் தள்ளியது என்று நாங்கள் இரண்டு பேரும் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அக்கா, நேற்று நான் கொலராடோ ஷெரிஃப் ஆபீஸுக்குப் பேசினேன். முன்பு சொன்னது பொய், நடந்தது இதுதான் என்று முழுவதும் சொல்லி, எழுதியும் அனுப்பிவிட்டேன். அரசு வக்கீல் கைக்குப் போய்விட்டது. மச்சானின் வக்கீலுக்கும் அதன் பிரதி போகுமாம். திங்கள் செவ்வாயில் அவருக்குத் தெரிந்துவிடும்.

அதற்கு முன் நீ வெளியே வந்துவிடு. உனக்கும் ஓவியாவுக்கும் டிக்கெட் போடுகிறேன். இல்லை, நானே வருகிறேன். எங்கே நிற்க வேண்டும், சொல். என்னைத் திட்டு, பரவாயில்லை. வெளியே வந்து நின்று திட்டு.

குண்டன்


விசாலாக்ஷி ஆன்ட்டி வீடு, ஆலன்
செப்டம்பர் 16, 2024

அடேய் குண்டா,

உயிரோடு இருக்கிறேன். முதலில் அதைத் தெரிந்துகொள். இடது காதில் வண்டு ரீங்காரம் மாதிரி ஒன்று ஓயாமல் கேட்கிறது, போய்விடும் என்கிறார் டாக்டர். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். எழுதினால்தான் எனக்கு அழுகை வராமல் இருக்கிறது.

நான் உன்னைக் கேட்டது தெரியாமல் கேட்கவில்லை. லாட்ஜில் அன்று மாலையே அவளுக்குச் சட்டை மாற்றிவிடும்போது பார்த்துவிட்டேன். பாறையில் விழுந்த பிள்ளைக்கு உள்ளங்கையில் ஒரு சிராய்ப்புக்கூட இல்லை. முன்கையில் கட்டின் விளிம்புக்கு வெளியே ஒரு நீலக்கோடு, ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி. தலையைக் காக்கக் கையைத் தூக்குகிறவளுக்கு எலும்பு அங்கேதான் உடையும். எனக்கும் அங்கேதான் உடைந்தது. இர்விங்கில், நீ எங்களோடு இருந்த வருடம், ஐஸ் மழையில் பார்க்கிங்கில் வழுக்கி விழுந்தேன் என்று சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? நீ ஹெட்போன் மாட்டிக்கொண்டு அடுத்த அறையில் படித்துக்கொண்டிருந்தாய். கொலராடோவில் பாத்ரூமில் வழுக்கியதும் அதே மாதிரி வழுக்கல்தான். நீ ஒரு தடவை உன் வாயால் சொல்ல வேண்டும் என்றுதான் கேட்டேன். சொல்லிவிட்டாய். இதைப் பற்றி இனி நமக்குள் பேச்சு வேண்டாம்.

திங்கட்கிழமை மத்தியானம் உன் கடிதத்தை இங்கே உட்கார்ந்து படித்தேன். ஆன்ட்டி காபி கொடுத்துவிட்டு, "பையில துணி எடுத்து வெச்சுக்கோ கலா. என் வீட்டுக் கதவு தெறந்தே இருக்கும்" என்றார். ஏழு வருடமாக எதிரே இருந்து எல்லாம் பார்த்திருக்கிறார். நான்தான் ஒவ்வொரு தடவையும் சிரித்துச் சமாளித்திருக்கிறேன்.

நான் துணி எடுத்து வைக்கவில்லை. இன்னும் ஒரு நாள் இருக்கிறதே என்று சாம்பாருக்குப் பருப்பு வேக வைத்தேன். இதுதான் உன் அக்கா.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வக்கீலிடமிருந்து அவருக்குப் போன் வந்தது. கேரேஜில் காரை நிறுத்திவிட்டு உள்ளே வரும்போதே தெரிந்துவிட்டது. என் கூந்தலைப் பிடித்து ஃப்ரிட்ஜ் கதவில் மோதினார். ஒரு தடவை, இரண்டு தடவை. காந்தத்தில் ஒட்டியிருந்த ஓவியாவின் சின்ன வயசுப் படம் எல்லாம் கீழே கொட்டியது. "அக்காளும் தம்பியும் சேந்து என்னை ஜெயிலுக்கு அனுப்பறீங்களா?" ஓவியா மாடியிலிருந்து ஓடி வந்து, கட்டுப் போட்ட கையாலேயே அவர் முதுகில் அடித்தாள். அவர் திரும்பினார். அவளைப் பார்த்துக் கை ஓங்கினார். அந்தக் கை கீழே வருவதற்குள் நான் அவளை இழுத்துக்கொண்டு வாசல் வழியாக வெளியே வந்துவிட்டேன். காலில் செருப்புகூட இல்லை.

எங்கள் வாசல் மரத்தைச் சுற்றி உருண்டைக் கற்களைக் கொட்டி அழகு பண்ணி வைத்திருக்கிறாரே, பார்த்திருப்பாய். அங்கே வரும்போது கேரேஜ் கதவு மேலே ஏறியது. அவர் கையில் கிரிக்கெட் மட்டை. தெருவில் ஆள் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. நீ சொன்ன அதே நிதானம். பதினாறு வருடமாக எனக்குப் பழகின நிதானம். ஓவியா என் பின்னால். ஓடினால் அந்த முழங்காலோடு நான் பத்தடி தாண்ட மாட்டேன்.

அங்கே என்ன நடந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன், அதற்கு முன் மற்றதையும் சொல்லிவிடுகிறேன். ஆன்ட்டி போன் பண்ணி, போலீஸ் வந்து அவரைக் கூட்டிப் போனது. எங்களைக் கிட்டே நெருங்கக் கூடாது என்று கோர்ட் உத்தரவு வாங்கியாகிவிட்டது. என் விசாவுக்கு ஏதோ வழி இருக்கலாம், பார்க்கிறேன் என்று ஆன்ட்டிக்குத் தெரிந்த ஒரு வக்கீலம்மா சொல்லியிருக்கிறார். இல்லாவிட்டாலும் போகட்டும். தாராபுரத்திலும் டேகேர் இருக்கும்.

26ஆம் தேதி விசாரணைக்கு நானும் ஓவியாவும் வருகிறோம். "ஐ வான்ட் டு ஸே இட் மைசெல்ஃப்" என்கிறாள். சொல்லட்டும். நீயும் வந்து அவள் பக்கத்தில் நில், பத்தடி தள்ளி இல்லை. அந்த எலியாஸின் துண்டைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறாள், ரத்தக்கறை முழுசாகப் போகவில்லை. நாயைக் கூண்டிலிருந்து விட்டுவிடுவார்களா என்று தினம் என்னைக் கேட்கிறாள். விடுவார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். விட வைக்க வேண்டும்.

இப்போது வாசலுக்கு வருகிறேன். அவர் மட்டையோடு வந்துகொண்டிருந்தார். நான் யோசித்து எதுவும் செய்யவில்லை, சத்தியமாக. அவர் கண்ணைப் பார்த்தபடியே குனிந்தேன். கை கற்களுக்கு மேலே நின்றது.

அவர் நின்றுவிட்டார். மட்டை இருந்த கையே முகத்துக்கு முன்னால் வந்துவிட்டது, மறைத்துக்கொள்ள. ஒரு அடி பின்னால் வைத்தார். இன்னொரு அடி. எதிர்வீட்டு வாசல் விளக்கு எரிந்தது. ஆன்ட்டி கதவைத் திறந்துகொண்டு நின்றார். இவர் திரும்பி கேரேஜுக்குள் போய் கதவை இறக்கிவிட்டார்.

தெருவைத் தாண்டும்போது ஓவியா, "அம்மா, யூ டிட் த டாக் திங்" என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. நான் கையை விரித்து அவளிடம் காட்டினேன்.

கல்லே எடுக்கவில்லை, குண்டா. சும்மா குனிந்தேன், அவ்வளவுதான். பதினாறு வருடம் நிமிர்ந்தே நின்று வாங்கியிருக்கிறேன் பார்.

உன்
அக்கா